சாவி யார் கையில்? உயர்கல்வி மசோதாவை ஆராயும் நாடாளுமன்றக் கூட்டுக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் கூட்டுக் குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நான் திருநெல்வேலிப் பக்கம் அரசு உதவிபெறும் கல்லூரி ஒன்றில் முப்பது வருடத்துக்கு மேல் தாவரவியல் நடத்தி ஓய்வு பெற்றவன். 2025 டிசம்பர் 15 அன்று மக்களவையில் அறிமுகமான ‘விக்சித் பாரத் சிக்ஷா அதிஷ்டான்’ மசோதா இப்போது உங்கள் கையில் இருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவுக்கான 1956ஆம் ஆண்டுச் சட்டம், தொழில்நுட்பக் கல்விக்கான ஏஐசிடிஇயின் 1987ஆம் ஆண்டுச் சட்டம், ஆசிரியர் கல்விக்கான என்சிடிஇயின் 1993ஆம் ஆண்டுச் சட்டம் ஆகிய மூன்றையும் ரத்து செய்து, மூன்று அமைப்புகளும் செய்துவந்த கண்காணிப்பு வேலையை ஒரே ஆணையத்திடம் கொடுக்கிறது அது. உங்கள் குழுவில் மக்களவை உறுப்பினர்கள் 21 பேர், மாநிலங்களவை உறுப்பினர்கள் 10 பேர். இந்த 31 பேரில் ஒருவராவது முழுக்கப் படிப்பார் என்று நம்பித்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மூன்றையும் ஒன்றாக்குவதை நான் எதிர்க்கவில்லை. கல்லூரிக்குள் இருந்தவர்கள் யாரும் அதை முழுதாக எதிர்க்க முடியாது. ஒரே வளாகத்தில் பிஎஸ்சி இருக்கும், பிசிஏ இருக்கும், பக்கத்துக் கட்டடத்தில் பிஎட் இருக்கும். பிஎஸ்சிக்கு மானியக் குழுவின் விதி. பிசிஏவும் பிபிஏவும் 2024-25 கல்வியாண்டிலிருந்து ஏஐசிடிஇயின் கீழ் போய்விட்டன. பிஎட்டுக்கு என்சிடிஇ. தர மதிப்பீட்டுக்கு பெங்களூரில் இருக்கும் நாக் (NAAC) அமைப்பு. இதற்கெல்லாம் மேலே இணைவு கொடுத்த பல்கலைக்கழகம், அப்புறம் மாநில அரசின் கல்லூரிக் கல்வி இயக்ககம். நூலகத்தில் எத்தனை புத்தகம், வகுப்பறை எத்தனை சதுர அடி, ஆசிரியர்கள் எத்தனை பேர், யார் யாருக்கு முனைவர் பட்டம் என்று ஒரே கேள்வியை ஆளுக்கொரு படிவத்தில் கேட்பார்கள். பாடம் நடத்த வேண்டிய இளம் ஆசிரியர்கள் மாதக் கணக்கில் கணினி முன் உட்கார்ந்து அதை நிரப்புவார்கள்.

யார் அதிகாரம் எங்கே முடிகிறது என்பதற்கு எங்கள் மாநிலமே உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. பல்கலைக்கழகமே தொழில்நுட்பப் படிப்பைத் தொடங்கினால் ஏஐசிடிஇயின் முன் அனுமதி வேண்டுமா என்பது பாரதிதாசன் பல்கலைக்கழக வழக்கு. வேண்டாம் என்று 2001இல் தீர்ப்பு வந்தது. அந்தப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரிகளின் எம்சிஏ, எம்பிஏ படிப்புகள் பற்றிய இன்னொரு வழக்கில் 2013இல் தீர்ப்பு வந்தது. அதற்குப் பிறகும் குழப்பம் தீரவில்லை. இரண்டு சட்டங்கள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டே இருக்கும்போது நீதிமன்றத்தால் ஓரளவுதான் தீர்க்க முடியும். ஆகவே ஒரே சட்டம், ஒரே வாசல் என்பது நல்லது.

மசோதாவில் இன்னொரு நல்லதும் இருக்கிறது. 1956ஆம் ஆண்டுச் சட்டப்படி போலிப் பல்கலைக்கழகம் நடத்தியவருக்கு அதிகபட்ச அபராதம் ஆயிரம் ரூபாய். அறுபத்தொன்பது வருடமாக அது ஏறவே இல்லை. பொய்ப் பட்டத்துக்கு நிலத்தை அடகு வைத்துப் பணம் கட்டிய குடும்பங்களை நினைத்துப் பாருங்கள். அனுமதியில்லாமல் பல்கலைக்கழகம் தொடங்கினால் இனி 2 கோடி ரூபாய் வரை அபராதம் என்கிறது மசோதா. இதை முழு மனதோடு வரவேற்கிறேன்.

பிறகு எதற்கு இந்தக் கடிதம்? பணத்துக்காக.

மானியக் குழு இரண்டு வேலை செய்தது. தரத்தைக் கண்காணித்தது, மானியம் கொடுத்தது. மசோதா முதல் வேலையை எடுத்து ஒழுங்குமுறை, தர மதிப்பீடு, கல்வித் தர நிர்ணயம் என்று மூன்று மன்றங்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறது. இரண்டாவது வேலைக்கு மன்றமே இல்லை. பணத்தைக் கல்வி அமைச்சகமே தன் வழியில் பார்த்துக்கொள்ளும் என்பதுதான் ஏற்பாடு. ‘மானியம்’ என்ற சொல் அந்தக் குழுவின் பெயரிலேயே இருந்தது. இணைப்பில் காணாமல் போவது அந்தச் சொல்தான்.

அந்தச் சொல் எங்கள் கல்லூரியில் என்னவாக இருந்தது என்று சொல்கிறேன். பதினொன்றாவது ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் பெண்கள் விடுதி கட்ட மானியக் குழு ஒரு திட்டம் வைத்திருந்தது. எங்கள் கல்லூரியும் விண்ணப்பித்தது, கிடைத்தது. அதுவரை மாஞ்சோலை எஸ்டேட்டிலிருந்து வரும் பெண்பிள்ளைகளுக்குப் படிப்பு என்பது பேருந்தைப் பொறுத்த விஷயம். மலையிலிருந்து தினமும் இறங்கி ஏறிப் படிக்க முடியாது. கீழே சொந்தக்காரர் வீடு இருந்தால் படிப்பு, இல்லையென்றால் பிளஸ் டூவோடு சரி. விடுதி திறந்த வருடம் என் வகுப்பில் எஸ்டேட்டிலிருந்து நான்கு பெண்கள் சேர்ந்தார்கள். அவர்களில் ஒருவர் இன்று அரசுப் பள்ளியில் உயிரியல் ஆசிரியை. அந்தக் கட்டடத்தின் வாசலில் ‘பல்கலைக்கழக மானியக் குழுவின் நிதியுதவியுடன்’ என்று தமிழில் எழுதிய கல்வெட்டு இப்போதும் இருக்கிறது.

எனக்கே ஒரு சிறு ஆய்வுத் திட்டம் கிடைத்தது. ஒன்றரை லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. தாமிரபரணிக் கரையில் பாபநாசத்திலிருந்து சேரன்மகாதேவி வரை நீர்மருது மரங்களையும் கரையோரச் செடிகளையும் கணக்கெடுத்தோம். ஒரு நுண்ணோக்கி, உலர்தாவரத் தாள்களை வைக்க இரண்டு அலமாரி, மாணவர்களுக்குப் பேருந்துச் செலவு, சாப்பாடு. தேதிவாரியாக ரசீது ஒட்டி, தணிக்கையாளர் கையெழுத்து வாங்கி, பயன்பாட்டுச் சான்றிதழை ஹைதராபாத்தில் இருந்த வட்டார அலுவலகத்துக்கு அனுப்பினேன். சின்னத் தொகைதான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். நான் எந்த அமைச்சரையும் பார்க்கவில்லை, எந்தக் கட்சிக்காரரிடமும் கடிதம் வாங்கவில்லை. சென்னையில் எந்தக் கட்சி ஆண்டது, டெல்லியில் எது ஆண்டது என்பது அந்த விண்ணப்பத்துக்குத் தேவைப்படவே இல்லை. மானியம் பெறத் தகுதியுள்ள கல்லூரிகளுக்கான, மானியக் குழுச் சட்டத்தின் 2(எஃப்), 12(பி) பட்டியலில் எங்கள் கல்லூரி இருக்கிறதா, ஆய்வுத் திட்டம் உருப்படியானதா என்பதைத்தான் துறை சார்ந்த பேராசிரியர்கள் உட்கார்ந்து பார்த்தார்கள்.

இது தற்செயலாக வந்த ஏற்பாடு அல்ல. டாக்டர் ராதாகிருஷ்ணன் தலைமையில் 1948இல் அமைந்த பல்கலைக்கழகக் கல்வி ஆணையம் மானியக் குழு ஒன்று வேண்டும் என்று பரிந்துரைத்தது. சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த ஆ. லட்சுமணசாமி முதலியாரும் அந்த ஆணையத்தில் ஓர் உறுப்பினர். 1953இல் குழு தொடங்கியது, 1956இல் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தை எழுதியவர்கள் ஒரு விஷயத்தில் கறாராக இருந்தார்கள்: குழுவின் தலைவர் மத்திய அரசின் அதிகாரியாகவோ மாநில அரசின் அதிகாரியாகவோ இருக்கக் கூடாது. பின்னாளில் வந்த திருத்தத்தின்படி, உறுப்பினர்களில் குறைந்தது நான்கு பேர் பல்கலைக்கழக ஆசிரியர்களாக இருக்க வேண்டும். கொடுப்பது அரசின் பணம்தான். ஆனால் அதை அரசின் கையால் நேரடியாகக் கொடுக்க வேண்டாம், நடுவில் கல்வியாளர்கள் இருக்கட்டும் என்பது அந்தச் சட்டத்தின் எண்ணம்.

நேர்மையாகச் சொன்னால் இந்த ஏற்பாடு ஏற்கெனவே பாதி கரைந்துவிட்டது. 2013இல் மாநில உயர்கல்விக்கான மத்திய அரசின் ரூசா திட்டம் வந்தபோதே மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கான பெரிய நிதி அமைச்சகத்தின் வழியே வரத் தொடங்கியது. 2017இல் பன்னிரண்டாவது திட்டக் காலம் முடிந்ததோடு நான் சொன்ன விடுதி, சிறு ஆய்வுத் திட்டம் போன்றவையும் வற்றிப்போயின. அதே வருடம் உயர்கல்வி நிதியளிப்பு முகமை வந்து, கட்டடத்துக்கு மானியம் என்பது கடன் என்று மாறியது. இந்தக் கரைப்புக்கு எல்லா ஆட்சியும் பொறுப்பு. இருந்தாலும் சட்டம் இருந்தவரை, ‘மானியம் கொடுப்பது உங்கள் கடமை’ என்று ஒரு கல்லூரி கேட்க முடிந்தது. மசோதா நிறைவேறினால் எந்தப் பிரிவைக் காட்டிக் கேட்பது?

பணம் அமைச்சகத்திடம் இருந்தால் என்ன கெட்டுவிடும் என்று உங்களில் சிலர் கேட்கலாம். கற்பனை செய்ய வேண்டியதில்லை, பள்ளிக் கல்வியில் பார்த்துவிட்டோம். தேசியக் கல்விக் கொள்கையை ஏற்கச் சொல்லும் பிஎம் ஸ்ரீ மாதிரிப் பள்ளித் திட்டத்துக்கான ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடவில்லை என்பதற்காக, பள்ளிகளுக்கு மத்திய நிதி வரும் சமக்ர சிக்ஷா திட்டத்தில் 2024-25ஆம் ஆண்டுக்கு வர வேண்டிய 2,152 கோடி ரூபாய் வராமல் நின்றது. மாநில அரசு உச்ச நீதிமன்றத்துக்குப் போக வேண்டியிருந்தது. தேசியக் கல்விக் கொள்கையை நீங்கள் ஆதரிக்கலாம், எதிர்க்கலாம். அந்த வாதத்துக்கு நான் வரவில்லை. கொள்கை பற்றி இரண்டு அரசுகள் சண்டை போட்டபோது, அந்தச் சண்டையில் வாக்குரிமைகூட இல்லாத பிள்ளைகளின் பணம் நின்றது என்பதை மட்டும் பாருங்கள். இன்றைக்குத் தமிழ்நாடு. நாளை டெல்லியில் வேறு கட்சி வந்தால் குஜராத்தாகவும் உத்தரப் பிரதேசமாகவும் இருக்கலாம். அதனால்தான் ஆளுங்கட்சி உறுப்பினர்களிடமும் இதே வேண்டுகோளை வைக்கிறேன்.

இதைக் கட்சி அரசியல் என்று தள்ளிவிடாதீர்கள். 2018 ஜூன் மாதம் மானியக் குழுவைக் கலைக்கும் வரைவு முதலில் வெளிவந்தபோதும் நிதி அதிகாரம் அமைச்சகத்துக்குப் போவதாகத்தான் இருந்தது. அப்போது இங்கே அதிமுக ஆட்சி. முதலமைச்சராக இருந்த எடப்பாடி பழனிசாமி அதை எதிர்த்துப் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். மற்ற விஷயங்களில் அடித்துக்கொள்ளும் எங்கள் இரண்டு கட்சிகளும் இந்த ஒன்றில் ஒரே இடத்தில் நின்றன.

அதைவிட முக்கியமானது, மத்திய அரசின் சொந்த ஆவணமே நான் கேட்பதைத்தான் சொல்கிறது. 2020ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கை ஒரே உயர்கல்வி ஆணையத்தைப் பேசியபோது அதற்கு நான்கு பிரிவுகளைச் சொன்னது. ஒழுங்குமுறைக்கு ஒன்று, தர மதிப்பீட்டுக்கு ஒன்று, பொதுத் தர நிர்ணயத்துக்கு ஒன்று, இவற்றோடு வெளிப்படையான அளவுகோல்களின்படி நிதி வழங்க உயர்கல்வி மானிய மன்றம் ஒன்று. மசோதாவில் மூன்றுதான் வந்திருக்கின்றன. மானிய மன்றம் மட்டும் ஏன் விடுபட்டது? அமைச்சக அதிகாரிகள் உங்கள் முன் சாட்சியம் அளிக்க வரும்போது இந்தக் கேள்வியைக் கேளுங்கள். பதிலை உங்கள் அறிக்கையில் பதிவு செய்யுங்கள்.

ஒரே அமைப்பு என்ற யோசனையை முன்பே அழுத்தமாகச் சொன்னவர் பேராசிரியர் யஷ்பால். மானியக் குழுவுக்கே தலைவராக இருந்தவர். அவருடைய குழு 2009இல் அறிக்கை கொடுத்தபோது, மூன்றையும் உள்ளடக்கிய ஆணையம் வேண்டும் என்றது. கூடவே, அது அரசியலமைப்பிலேயே இடம்பெற்ற சுதந்திரமான அமைப்பாக இருக்க வேண்டும் என்றும் சொன்னது. அதையொட்டி 2011இல் மாநிலங்களவைக்கு வந்த மசோதா நிறைவேறாமல் திரும்பப் பெறப்பட்டது. யஷ்பால் சொன்னதில் இணைப்பை மட்டும் எடுத்துக்கொண்டு, சுதந்திரத்தை விட்டுவிட்டால், அது அவர் கேட்ட ஆணையம் ஆகாது.

அந்தச் சுதந்திரம் பற்றி ஒரு வார்த்தை. கொள்கை விஷயத்தில் மத்திய அரசு சொல்வதை ஆணையம் கேட்க வேண்டும் என்ற பிரிவு பழைய சட்டத்திலும் இருந்தது, அதனால் அதைப் புதிய ஆபத்து என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஆணையத்தையே அரசு கலைத்துவிட்டுத் தானே நடத்தலாம் என்ற அதிகாரம் மானியக் குழுச் சட்டத்தில் இல்லை. மசோதாவில் இருக்கிறது. எவ்வளவு நல்ல கல்வியாளர் தலைவரானாலும், அந்தப் பிரிவு தலைக்கு மேல் தொங்கும்போது அமைச்சகத்தின் தொலைபேசி அழைப்புக்கு எப்படி மறுப்பு சொல்வார்?

பழைய அமைப்பைக் கலைத்துப் புதிதாக ஆரம்பித்த அனுபவம் நமக்கு மருத்துவக் கல்வியில் இருக்கிறது. மருத்துவக் கவுன்சில் போய் 2020 செப்டம்பரில் தேசிய மருத்துவ ஆணையம் வந்தது. அந்தக் கவுன்சிலில் ஊழல் இருந்தது உண்மை, மாற்றம் தேவைப்பட்டதும் உண்மை. ஆனால் 2023 ஆகஸ்டில் அந்த ஆணையம், பத்து லட்சம் மக்கள்தொகைக்கு 100 எம்பிபிஎஸ் இடங்கள் என்ற கணக்கைக் கொண்டுவந்தது. அதைத் தாண்டிய மாநிலங்கள் புதிய கல்லூரி தொடங்க முடியாது என்றாகியது. மாவட்டத்துக்கு ஒரு அரசு மருத்துவக் கல்லூரி என்று பல வருடம் செலவழித்த தமிழ்நாட்டுக்கு அது தண்டனையாகவே வந்தது. எதிர்ப்பு எழுந்த பிறகு தள்ளிவைத்தார்கள். உயர்கல்வியிலும் எங்கள் நிலை அதுதான். 2021-22 கணக்கெடுப்பின்படி உயர்கல்வியில் சேர்பவர்களின் விகிதம் நாடு முழுவதும் 28.4 சதவீதம், தமிழ்நாட்டில் 47 சதவீதம். இந்த வேறுபாட்டுக்குக் காரணம் கிராமத்துக் கல்லூரிகள், இலவசப் பேருந்து, விடுதி, இடஒதுக்கீடு. நாட்டுக்கே ஒரே அளவுகோல் போடும் ஆணையத்தில் இதைத் தெரிந்தவர்கள் போதுமான எண்ணிக்கையில் இருக்க வேண்டும். பல்கலைக்கழகங்களை நிறுவுவதும் ஒழுங்குபடுத்துவதும் இன்றும் அரசியலமைப்பின் மாநிலப் பட்டியலில் 32ஆவது இனத்தில் இருக்கும் விஷயம். தரத்தை ஒருங்கிணைப்பதும் நிர்ணயிப்பதும்தான் மத்தியப் பட்டியலின் 66ஆவது இனம். மாநில உயர்கல்வி மன்றங்களின் கருத்தைக் கேட்காமல் எந்த ஒழுங்குமுறையும் அறிவிக்கப்படக் கூடாது என்று சட்டத்திலேயே எழுதுங்கள்.

இங்கிலாந்தை உதாரணம் காட்டுபவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அவர்களும் 2017இல் சட்டம் போட்டு, பழைய நிதி வழங்கும் அமைப்பையும் இன்னொன்றையும் எடுத்துவிட்டு மாணவர்களுக்கான அலுவலகம் என்ற ஒன்றை உருவாக்கினார்கள். கற்பித்தலுக்கான மானியத்தை அந்த அலுவலகம்தான் இன்றும் கொடுக்கிறது. இணைத்தாலே பணத்தை அமைச்சகத்துக்கு மாற்றியாக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

இடைக்காலம் பற்றியும் கவலை இருக்கிறது. நெட் தேர்வில் இளநிலை ஆய்வு உதவித்தொகை பெற்றவர்களுக்கு 2023 ஜனவரியிலிருந்து மாதம் 37,000 ரூபாய். எங்கள் பக்கத்தில் வீட்டில் முதலாவதாகக் கல்லூரிக்குப் போய் ஆய்வு வரை வந்த பிள்ளைகள், அந்தப் பணத்தில் பாதியை ஊருக்கு அனுப்புகிறார்கள். மானியக் குழு ஒரு நாள் கலைந்து, மறுநாள் ஆணையம் அறிவிக்கப்பட்டு, அதற்கு அலுவலகமும் ஆளும் அமைய ஆறு மாதம் ஆனால், இந்த 37,000 எங்கிருந்து வரும்? நடந்துகொண்டிருக்கும் உதவித்தொகை ஒரு மாதம்கூட நிற்கக் கூடாது, யார் கொடுப்பது என்பதைச் சட்டத்தின் பிரிவாகவே எழுத வேண்டும். ‘பின்னர் விதிகளில் சொல்லப்படும்’ என்ற வரி அவர்களுக்குப் போதாது.

பெயரைப் பற்றிப் பேசாமல் முடிக்க முடியவில்லை. மசோதாவின் பெயரை மக்களவையிலேயே தென்மாநில உறுப்பினர் எதிர்த்தார். ‘பல்கலைக்கழக மானியக் குழு’ என்ற பெயரை எங்கள் ஊர்க் கல்லூரி அலுவலக உதவியாளர் முதல் துணைவேந்தர் வரை அவரவர் மொழியில் சொன்னார்கள், அது எதற்கு இருக்கிறது என்பதும் பெயரிலேயே புரிந்தது. புதிய பெயர் தமிழ் எழுத்தில் எழுதினாலும் எங்களுக்குப் புரியவில்லை. அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள ஒவ்வொரு மொழியிலும் ஆணையத்துக்கு அதிகாரபூர்வமான பெயர் இருக்கட்டும். இதற்கு ஒரு ரூபாய் செலவில்லை.

இதைத் தமிழில் எழுதுவதற்கும் அதுவே காரணம். நாடாளுமன்றக் குழுக்கள் வழக்கமாக ஆங்கிலத்திலோ இந்தியிலோ மனு கேட்கின்றன. ஆங்கிலப் பிரதி ஒன்றும் தனியாக அனுப்புகிறேன். ஆனால் இந்த மசோதாவால் வாழ்க்கை மாறப்போகும் பிள்ளைகளின் பெற்றோர் படிக்க வேண்டும் என்பதால் முதலில் தமிழில் எழுதினேன்.

நான் கேட்பது இவ்வளவுதான். மானியத்துக்கு நான்காவது மன்றம் ஒன்றை மசோதாவுக்குள் கொண்டுவாருங்கள். அதில் பாதிப் பேராவது பணியில் இருக்கும் ஆசிரியர்களாக இருக்கட்டும், அமைச்சகச் செயலர்கள் தலைமை ஏற்க வேண்டாம். எந்தக் கல்லூரிக்கு என்ன அளவுகோலில் எவ்வளவு கொடுத்தார்கள் என்பது ஆண்டுதோறும் நாடாளுமன்றத்தில் வைக்கப்படட்டும்.

உங்கள் குழு மாநிலங்களுக்குச் சென்று கருத்து கேட்பதாக இருந்தால் சென்னையோடு திரும்பிவிடாதீர்கள். திருநெல்வேலிக்கும் வாருங்கள். ரயில் நிலையத்திலிருந்து எங்கள் கல்லூரிக்கு ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். விடுதியில் தங்கிப் படிக்கும் பெண்கள் உங்களிடம் பேசுவார்கள். என்னுடைய ஆய்வுத் திட்டத்தின் கோப்பை, ரசீதுகளோடு, துறை அலமாரியில் இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். அதையும் எடுத்துக் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியர் ஒருவர்,
திருநெல்வேலி மாவட்டம்